டெம்ப்ளர் வழக்கை பாலாய் ராயாவில் (ஊர்ப் பொது மண்டபத்தில்) அரங்கேற்ற

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில், பள்ளி விடுமுறையில் படிவம் 4, 5 மாணவர்களை வைத்து நாடகம் போட நினைப்பவர்களுக்கு டெம்ப்ளர் வீரத்துறவிகளின் வழக்கு நல்ல சரக்கு. 14-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் மதவிரோதக் குற்றம் சாட்டப்பட்ட கிறிஸ்தவத் துறவுச் சபை அது. ஒன்றரை மணி நேரம், 12 நடிகர்கள், இரண்டு மேசைகள் இருந்தால் போதும். வாள் சண்டை வேண்டாம். அந்தச் சபையை வீழ்த்தியவை கடுதாசியும் நீதிமன்ற நடைமுறையும்தான்.

மேலங்கிக்கு ஆளுக்கொரு நாலு முழ வெள்ளை வேட்டி காணும். ஆனால் மூன்று பேருக்கு மட்டுமே வெள்ளை. மற்றவர்களுக்குக் கறுப்பு அல்லது பழுப்பு. பிரான்சில் பிடிபட்டவர்களில் பெரும்பாலோர் வெள்ளை அணியும் மாவீரர்கள் (நைட்டுகள்) அல்லர். நிலமும் ஆடுமாடும் களஞ்சியமும் பார்த்த ஊழியச் சகோதரர்கள். எல்லாருக்கும் வெள்ளை மாட்டினால் இது தெரியாமலே போய்விடும். சிலுவையைச் சிவப்புத் துணியில் வெட்டி இடப்பக்கம் தைக்கவும். மணிலா அட்டையில் செய்தால் வியர்வை பட்டுச் சுருண்டுவிடும்.

பார்வையாளர்கள் வந்து உட்காரும்போதே மூன்று பேர் கையில் அரக்கு முத்திரையிட்ட உறையைக் கொடுத்து, மணி அடிக்கும்வரை பிரிக்கக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். பிரான்சின் நான்காம் பிலிப் மன்னன் செய்ததும் இதுதான்: 1307 செப்டம்பர் 14-இல் எழுதிய கைது ஆணை, அக்டோபர் 13 விடியலில் நாடு முழுக்க ஒரே வேளையில் நிறைவேறியது. அதற்கு முதல் நாள்தான் சபைத் தலைவர் ஜாக் டி மொலே அரச குடும்பத்துச் சவ ஊர்வலத்தில் மரியாதையாக நடந்தார். அந்த ஊர்வலக் காட்சி முடிந்ததும் மணி அடியுங்கள்.

சித்திரவதையை நடிக்க விடாதீர்கள், பின்வரிசை சிரிக்கும். அதற்குப் பதில் பார்வையாளர்களுக்குச் சீட்டு கொடுங்கள். பாரிஸில் முதலில் விசாரிக்கப்பட்ட 138 பேரில் நால்வர் மட்டுமே குற்றத்தை மறுத்தார்கள். ஆகவே 35 பேர் வந்தால் 34 சீட்டில் 'ஒப்புக்கொண்டேன்', ஒன்றில் 'மறுத்தேன்'. கையில் என்ன வந்ததோ அதை எழுந்து நின்று படிக்க வேண்டும். பிறகு ஒருவர் போன்சார் டி கிசி என்ற டெம்ப்ளரின் சாட்சியத்தைச் சொல்லட்டும்: நகத்தில் இரத்தம் வரும்வரை கைகளைப் பின்னால் கட்டிக் குழியில் போட்டார்கள். இதைக் குரல் உயர்த்தாமல் சொன்னால்தான் எடுபடும்.

பெரும்பாலான நாடகங்கள் குழம்புவது மேசையில்தான். நடந்தவை இரண்டு வழக்குகள். ஒரு மேசையில் போப்பின் ஆணையம் சபையை விசாரிக்கிறது. மறு மேசையில் பேராயர்கள் தனி ஆட்களை விசாரிக்கிறார்கள். 1310-இல் ஏறத்தாழ 600 பேர் சபைக்காகப் பேச முதல் மேசைக்கு வந்தார்கள். பேச வேண்டுமானால் பழைய வாக்குமூலத்தை மறுத்தாக வேண்டும். மறுத்தவனோ மறு மேசையின் கணக்கில் மீண்டும் மதவிரோதத்துக்குத் திரும்பியவன், அவனுக்குத் தண்டனை நெருப்பு. இந்த விதியை அறிவிப்பாளர் முன்னதாகவே இரண்டு முறை சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால், மே 12-இல் சான்ஸ் பேராயர் பிலிப் டி மரின்யி 54 பேரை எரிக்க அனுப்புவதும், தற்காப்பு அத்தோடு நொறுங்குவதும் யாருக்கும் விளங்காது. பேராயர் மன்னனின் அமைச்சருடைய சகோதரர் என்பதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள்.

தீர்ப்பில் 'குற்றவாளி' என்ற சொல் வரவே கூடாது. 1312 மார்ச் 22-இல் போப் ஐந்தாம் கிளெமென்ட் சபையைக் கலைத்தார். குற்றம் உறுதியானதாக அறிவிக்கவில்லை. மொலே 1314 மார்ச் 18-இல் எரிக்கப்பட்ட காட்சியில் சாபம் விடும் வசனத்தையும் வெட்டிவிடுங்கள். அது பின்னால் வளர்ந்த கதை.

முடிந்ததும் சபையின் தங்கம் எங்கே என்று யாராவது கேட்பார்கள். சொத்துகள் மருத்துவத் துறவியரான ஹாஸ்பிடலர் சபைக்குப் போயின, அவர்களிடமிருந்து பிலிப் 200,000 லிவ்ர் (அக்காலப் பிரெஞ்சுப் பணம்) கேட்டு வாங்கினான் என்ற பதிலை அறிவிப்பாளரிடம் எழுதிக் கொடுத்து வையுங்கள்.