கோழியின் கண் வீங்கினால்: மருந்துக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணங்களில், தோட்டத்து வரிசை வீடான லயத்தை விட்டுத் தாமான் என்னும் குடியிருப்புப் பகுதி வீட்டுக்குக் குடிவந்த பிறகும் நாட்டுக்கோழி வளர்ப்பதை விடாத குடும்பங்கள் இன்னும் உண்டு. அந்தக் கோழிகளில் ஒன்று கண்ணை மூடிக்கொண்டு, கழுத்தைச் சுருக்கி, கூண்டின் ஓரமாக ஒதுங்கி நின்றால், வீட்டிலுள்ளோர் உடனே கேட்பது என்ன மருந்து போடலாம் என்பதுதான். அதற்கு முன்னால் விடை காண வேண்டிய கேள்வி வேறொன்று இருக்கிறது. கெட்டிருப்பது ஒரு கண் மட்டுமா, இரண்டு கண்களுமா? கூட்டத்தில் ஒரு கோழிக்கு மட்டுமா, மற்றவற்றுக்கும் தும்மலோ மூக்கொழுக்கோ இருக்கிறதா? வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாமா, கால்நடை மருத்துவரிடம் போக வேண்டுமா என்பதைப் பெரும்பாலும் இந்த விடைதான் தீர்மானிக்கிறது.

ஒரே ஒரு கண் மட்டும் சிவந்து நீர் வடிந்து, மூக்குத் துளைகள் உலர்ந்து சுத்தமாக இருந்து, கோழி வழக்கம்போல் இரையும் தின்றால், தூசியோ உமியோ மரத்தூளோ கண்ணில் விழுந்திருக்கலாம், அல்லது வேறொரு கோழி கொத்தியிருக்கலாம். இது வீட்டுச் சிகிச்சைக்கு உரியது. இரண்டு கண்களும் வீங்கி, கண்ணின் ஓரத்தில் சோப்பு நுரை போன்ற சிறு குமிழிகள் தோன்றி, தும்மலும் மூச்சில் கரகரப்பும் சேர்ந்திருந்தால், மைக்கோபிளாஸ்மா கிருமியால் வரும் நாள்பட்ட சுவாச நோயைச் சந்தேகிக்க வேண்டும். முகம் முழுவதும் உப்பி, மூக்கிலிருந்து பிசுபிசுப்பான சளி வடிந்து, முகத்துக்கு அருகில் குனிந்தாலே கெட்ட வாடை அடித்தால் அது கொரைசா என்னும் தொற்றுச்சளியாக இருக்கலாம். கொரைசா தொற்றிய 1 முதல் 3 நாளுக்குள் குறிகள் வெளிப்பட்டு, கூண்டு முழுவதும் வேகமாகப் பரவும். கோழியின் தோள்பட்டை இறகுகளையும் தவறாமல் பாருங்கள். கண்ணும் மூக்கும் ஒழுகும் கோழி முகத்தைத் தன் தோளிலேயே துடைத்துக்கொள்ளும் என்பதால், அந்த இடத்து இறகுகள் ஈரமாகவோ காய்ந்து திரிதிரியாகவோ ஒட்டியிருந்தால், நீங்கள் கவனிப்பதற்குச் சில நாள் முன்பே நோய் தொடங்கிவிட்டது என்று பொருள்.

கொண்டையிலும் தாடியிலும் இமையிலும் பழுப்பு நிறக் கொப்புளங்களும் பொருக்குகளும் இருந்தால் அது அம்மை. கொசு பரப்பும் வைரஸ் நோயான இதை எந்தக் கிருமிக்கொல்லியும் குணப்படுத்தாது. பொருக்கு தானாக உதிரும்வரை கண் ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதும், கோழி பட்டினி கிடக்காமல் காப்பதும்தான் செய்யக்கூடியவை. கோழி காலால் கண்ணை ஓயாமல் சொறிந்தால் கண்புழுவையும் நினைக்க வேண்டும். வெப்ப நாடுகளில் காணப்படும் இந்தப் புழு ஒன்றிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் வரை நீளமான வெள்ளை நூல்போல, கண்ணின் குறுக்காக ஓடும் வெண்படலமான மூன்றாம் இமையின் அடியில் ஒளிந்திருக்கும். குப்பையிலும் மட்கிய இலைகளுக்கு அடியிலும் வாழும் சுரினாம் கரப்பானைத் தின்பதால் கோழிக்கு வருகிறது. அதை எடுப்பது மருத்துவரின் வேலை.

வீட்டுச் சிகிச்சையை நினைக்கவே கூடாத நிலைகளும் உண்டு. கழுத்து முறுக்கிக்கொள்ளுதல், பச்சைக் கழிச்சல், கொண்டை ஊதா நிறமாதல், தலை முழுவதும் வீங்குதல், ஓரிரு நாளில் பல கோழிகள் சாதல் ஆகியவற்றில் எதைக் கண்டாலும், மலாய்க்காரர்கள் சம்பார் என்று சொல்லும் நியூகாசல் நோயாகவோ பறவைக் காய்ச்சலாகவோ இருக்கக்கூடும் என்று கருதி, மாவட்டக் கால்நடை அலுவலகத்துக்கு உடனே தகவல் தர வேண்டும். கிளந்தானில் 2004ஆம் ஆண்டிலும் 2017ஆம் ஆண்டிலும் எச்5என்1 பறவைக் காய்ச்சல் கண்டறியப்பட்டது. ஆகவே இது எங்கோ தொலைதேசத்துச் செய்தி அன்று. செத்த கோழியை ஆற்றிலோ செம்பனைக் காட்டிலோ வீசுவதும், மிஞ்சியவற்றை அவசரமாக அறுத்துச் சமைப்பதும் வேண்டாம். பேராக்கில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி, கால்நடை ஆய்வுக் கழகம் ஈப்போவிலேயே இருக்கிறது. மாதிரியை எப்படி அனுப்புவது என்பதை மாவட்ட அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்ளலாம்.

தனிமைப்படுத்துதல்

எந்தக் கண்நோயானாலும் முதல் வேலை பிரித்து வைப்பதுதான். காற்றோட்டமுள்ள பெரிய அட்டைப்பெட்டியோ பழைய கூண்டோ போதும். அதை மழைச்சாரலும் நேர் வெயிலும் படாத இடத்தில், மற்றக் கோழிகளிடமிருந்து தள்ளி வையுங்கள். தரைக்கு மரத்தூள் வேண்டாம், பழைய செய்தித்தாளோ துணியோ விரித்தால் போதும். ஒரு கண் மூடிய கோழிக்கு அந்தப் பக்கம் இருக்கும் இரை தெரியாது. எனவே தீனியையும் தண்ணீரையும் நல்ல கண் இருக்கும் பக்கத்தில் வைத்து, அலகைத் தண்ணீரில் ஒருமுறை தொட்டுக் காட்ட வேண்டும். கண்நோயால் சாவதாக நாம் நினைக்கும் கோழிகளில் சில, கண் தெரியாமல் தின்னாததால்தான் சாகின்றன என்பது என் கருத்து. காலையில் நல்ல கோழிகளுக்கு முதலில் இரை வைத்துவிட்டுக் கடைசியாகவே நோயுற்றதிடம் போங்கள். அதன் பிறகு சோப்பிட்டுக் கை கழுவுங்கள். நடுவில் உங்கள் கண்ணைக் கசக்கிவிடாதீர்கள், ஏனெனில் நியூகாசல் வைரஸ் மனிதருக்கும் கண்சிவப்பை உண்டாக்கும்.

கண்ணைக் கழுவுதல்

கண் கழுவ உப்புநீரே போதும். மருந்தகத்தில் விற்கும் நார்மல் சலைன் புட்டி எல்லாவற்றிலும் பாதுகாப்பானது. கான்டாக்ட் லென்ஸ் கழுவும் திரவத்தை அதற்கு ஈடாகக் கருத வேண்டாம், அதில் வேறு மருந்துகள் கலந்திருக்கும். சலைன் கிடைக்காத நேரத்தில், கொதிக்க வைத்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் 9 கிராம், அதாவது மட்டமாகத் தட்டிய தேக்கரண்டியால் சுமார் ஒன்றரை அளவு, சாதாரண உப்பைக் கரைத்துக்கொள்ளலாம். அன்றன்றைக்குப் புதிதாகக் கலக்க வேண்டும். கையால் அள்ளிப் போட்ட உப்பு கண்ணை எரிக்கும் என்பதால் அளந்தே போடுங்கள்.

ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் கழுவுவதே எளிது. மங்கலான வெளிச்சத்தில் கோழி அடங்கியிருக்கும். பழைய துண்டால் இறக்கைகளோடு சேர்த்துச் சுற்றி, தலை மட்டும் வெளியே தெரியும்படி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். துண்டைத் தளர்வாகச் சுற்ற வேண்டும். கோழிக்கு நமக்கு இருப்பதுபோல் உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு மேலும் கீழும் அசைந்தால்தான் அதற்கு மூச்சு போய்வரும், நெஞ்சை இறுக்கிப் பிடித்தால் நம் கையிலேயே திணறிச் செத்துவிடும்.

அடுத்து, வெதுவெதுப்பான உப்புநீரில் நனைத்த மெல்லிய காஸ் துணியைக் கண்ணின்மேல் ஐந்து முதல் பத்து நிமிடம் வைத்திருந்து, காய்ந்த பொருக்கை ஊறவிடுங்கள். சூட்டை உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பஞ்சு வேண்டாம், இழை கண்ணில் ஒட்டிக்கொள்ளும். பொருக்கு இளகிய பின் கண்ணின் உள்முனையிலிருந்து வெளிமுனையை நோக்கி மெல்லத் துடைத்து, ஒவ்வொரு முறையும் புதுத் துணியை எடுங்கள். ஊசியில்லாச் சிரிஞ்சில் உப்புநீரை எடுத்து, மூக்குத் துளைக்குள் போய்விடாதபடி, தலையைச் சற்றுச் சாய்த்து மெல்ல ஊற்றிக் கழுவுங்கள்.

இந்தக் கட்டத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். மனிதரின் சீழ் நீராக வழியும். பறவைகளின் சீழோ வழியாது, இமைக்கு அடியில் பாலாடைக்கட்டி போல் மஞ்சள் வெள்ளையாக இறுகிவிடும். அது அப்படியே இருக்க, மேலே எவ்வளவு களிம்பைத் தடவினாலும் மருந்து நோயுள்ள இடத்தைச் சேராது. நாள்தோறும் மருந்து போட்டும் கேட்கவில்லை என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இந்தக் கட்டியை எடுக்காமல் விட்டவர்களாகவே இருப்பார்கள். நன்றாக ஊறிய பிறகு கீழிமையைச் சற்று இழுத்து, ஈரத் துணியின் முனையால் மெல்லத் தள்ளினால், சில வேளைகளில் முழுக் கட்டியும் ஒரே துண்டாக வெளியே வழுக்கி வரும். வரவில்லையென்றால் வற்புறுத்தாமல், மாலையில் மறுபடியும் ஊறவைத்துப் பாருங்கள். கண்ணின் உள்முனையிலிருந்து குறுக்காக ஓடி மறையும் வெண்படலம் மூன்றாம் இமை. அது கோழிக்கு இயல்பான உறுப்பு, சீழ் என்று எண்ணி அதைப் பிடித்து இழுத்துவிடாதீர்கள். கண்ணுக்குக் கீழே கன்னம் கெட்டியாகப் புடைத்திருந்தால், சீழ் எலும்பை ஒட்டிய குழிக்குள் இறுகியிருக்கிறது என்று பொருள். அதைக் கீறி எடுக்க மருத்துவர் வேண்டும். சவர பிளேடை வைத்துக்கொண்டு வீட்டில் முயலும் வேலை அன்று அது.

மருந்து

கழுவிய பிறகே களிம்பு. ஆக்சிடெட்ராசைக்ளின் அடங்கிய, விலங்குகளுக்கான கண்களிம்பே கோழிகளுக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வருவது. கால்நடை மருத்துவரிடம் கேட்டு வாங்கி, அரிசி மணியளவு களிம்பைக் கீழிமையின் உட்பக்கத்தில் வைத்து, இமையை ஒருமுறை மூடித் திறந்துவிட்டால் பரவிவிடும். குழாயின் முனை கண்ணைத் தொடக்கூடாது. நாளுக்கு இரண்டு அல்லது மூன்று முறை போட்டு, கண் தெளிந்துவிட்டதே என்று உடனே நிறுத்தாமல், மருத்துவர் சொன்ன நாள்வரை தொடருங்கள்.

வீட்டில் யாருக்கோ வாங்கி மிஞ்சிய கண் சொட்டுமருந்தைக் கோழிக்கு விடும் பழக்கத்தில் இரண்டு ஆபத்துகள் உள்ளன. முதலாவது, அதில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு இருக்கலாம். கருவிழியில் புண் இருக்கும்போது அது பட்டால் புண் ஆழமாகிப் பார்வையே போய்விடலாம். இரண்டாவது, மருந்தகங்களில் சாதாரணமாகக் கிடைக்கும் குளோரம்பெனிக்கோல் கண்மருந்து, உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்கு மலேசியா உட்படப் பல நாடுகளில் தடைசெய்யப்பட்டது. முட்டையையும் இறைச்சியையும் நாம்தான் சாப்பிடுகிறோம் என்பதை நினைத்தால் காரணம் விளங்கும். எலுமிச்சைச் சாறு, கோடாலித் தைலம், மண்ணெண்ணெய் ஆகியவற்றைக் கண்ணின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அம்மைப் பொருக்குக்கு மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசுவோர் கொண்டையோடு நிறுத்திக்கொள்வது நல்லது, அரைத்த விழுதின் துகள் கண்ணில் விழுந்தால் அதுவே ஒரு புண்ணாகும்.

இரண்டு நாளாகியும் முன்னேற்றம் இல்லாவிட்டாலோ, கருவிழியில் வெண்மையோ நீலமோ ஆன புள்ளி தெரிந்தாலோ, கோழி தின்பதை நிறுத்திவிட்டாலோ காத்திருக்காதீர்கள். நுரைக்கும் கண்ணுக்கும் நாற்றமடிக்கும் முகத்துக்கும் கண்களிம்பு மட்டும் போதாது. தண்ணீரில் கலக்கும் மருந்தோ ஊசியோ தேவைப்படும், எது, எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும்.

கூண்டும் இரையும்

கூண்டுக்குள் கோழியின் உயரத்துக்குக் குனிந்து ஒருமுறை மூச்சிழுத்துப் பாருங்கள். உங்கள் கண் கரித்தால், கோழி நாள் முழுவதும் அந்த அம்மோனியாவிலேயே இருக்கிறது. காற்றில் பத்து லட்சத்தில் 25 பங்குக்கு மேல் போனால் அது கண்ணையும் மூச்சுக்குழாயையும் கெடுக்கத் தொடங்கும், அதன் பிறகு மற்றக் கிருமிகள் எளிதில் நுழையும். மழைக்காலத்தில் ஈரமான தரைப்பரப்பை அள்ளிக் கொட்டி, மேல்பக்கம் காற்று போக வழிவிடுங்கள். பழைய டயர், கவிழ்க்காமல் கிடக்கும் ரப்பர் பால் மங்கு, அடைத்த சாக்கடை ஆகியவற்றில் தேங்கும் நீரைக் கொட்டினால் அம்மையைப் பரப்பும் கொசு குறையும். இன்னும் அம்மை காணாத கோழிகளுக்கு இறக்கைச் சவ்வில் குத்தும் தடுப்பூசி உண்டு.

அரிசிக் குருணையும் மிச்சச் சோறும் மட்டும் தின்று அடைபட்டிருக்கும் கோழிக்கு வைட்டமின் ஏ குறைந்து, கிருமி முக்கியக் காரணமாக இல்லாமலே கண்ணில் வெண்கட்டி சேரலாம். முருங்கைக் கீரை, பூசணி, பப்பாளி ஆகியவை இதற்கு நல்லவை. செம்பனை மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பழத்தின் சிவந்த சதையிலும் வைட்டமின் ஏ ஆக மாறும் கரோட்டின் நிறைந்திருக்கிறது. கடையில் வாங்கும் வெளிறிய சமையல் எண்ணெயில் அது சுத்திகரிப்பிலேயே போய்விடுகிறது.

குணமான கோழியைப் பற்றி இரண்டு செய்திகள் சொல்ல வேண்டும். கொரைசாவும் மைக்கோபிளாஸ்மாவும் வந்து தேறிய கோழி, பார்வைக்கு நன்றாக இருந்தாலும் கிருமியைத் தொடர்ந்து சுமந்துகொண்டிருக்கும். மைக்கோபிளாஸ்மா முட்டை வழியாகக் குஞ்சுக்கும் போகும். எனவே அந்தக் கோழியை அக்கம்பக்கத்தாருக்குக் கொடுப்பதும், அதன் முட்டையை அடைவைப்பதும் கூடாது. புதுக்கோழிகளையும் அதனோடு சேர்க்க வேண்டாம். அடுத்தது மருந்து கோழியின் உடலை விட்டு விலகும் காலம். மருந்து கொடுத்த நாட்களிலும் அதை நிறுத்திய பின் மருத்துவர் குறிப்பிடும் நாள்வரையிலும் முட்டையை உண்ணாமல் தள்ளிவிடுங்கள். முனீஸ்வரர் பூசைக்கு நேர்ந்துவிட்ட சேவலாக இருந்தால், பூசை நாளை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி, அந்தக் காலம் அதற்குள் முடியாது என்றால் வேறு சேவலை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.