தொட்டாற்சிணுங்கியில் காயத்தின் செய்தி பரவுவதைக் காண்பது எப்படி?

காயம்பட்ட செல்கள் தம் அண்டை செல்களுக்குச் செய்தி அனுப்புவதை ஒரு தொட்டாற்சிணுங்கிச் செடியிலேயே கண்ணாரக் காணலாம். ஏற்காட்டில் பாதையோரப் புல்லுக்கிடையே தானாக முளைத்திருக்கும் செடியொன்றை, தண்டின் முள் கையைக் கீறாதபடி வேர்மண்ணோடு பெயர்த்து, தொட்டியில் நட்டுச் சில நாள் விட்டுவையுங்கள். மலைச்சரிவிலேயே சோதனையைச் செய்துவிட எண்ண வேண்டாம். பங்குனி, சித்திரையில் புல் காய்ந்து கிடக்கும் சேர்வராயன் மலையில் ஒரு தீக்குச்சிகூட ஆபத்தானது.

மாலையில் இச்செடி தானாகவே இலைகளை மூடிக்கொள்ளும். காற்று அசைத்தாலும் மூடிக்கொள்ளும். ஆகவே முற்பகலில், காற்றடிக்காத வெளிச்சமான இடத்தில் தொட்டியை வைத்து, இலைகள் எல்லாம் விரிந்தபின் தொடங்குங்கள்.

முதலில் ஓர் இலையின் நுனியிலுள்ள சிற்றிலையை விரலால் மெல்லத் தொடுங்கள். தொட்ட இணையும் அடுத்துள்ள சில இணைகளும் மூடுவதோடு பெரும்பாலும் அசைவு நின்றுவிடும். இதைக் குறித்துக்கொள்ளாமல் அடுத்த படிக்குப் போவதில் பயனில்லை. தொடுதலுக்கும் காயத்துக்கும் உள்ள வேறுபாடுதான் இச்சோதனையின் உயிர்.

பிறகு வேறோர் இலைக்குப் பின்னால் அளவுகோல் ஒன்றை நிறுத்தி, கைபேசியில் காணொளிப் பதிவைத் தொடங்கி, செடியில் எதுவும் படாதபடி நுனிச் சிற்றிலைக்கு அருகே எரியும் தீக்குச்சியை ஓரிரு நொடி காட்டுங்கள். கத்தரிக்கோலாலும் வெட்டலாம், ஆனால் காம்பு அதிர்ந்துவிட்டால், இலை மூடியது காயத்தாலா அதிர்வாலா என்ற ஐயம் எழும். நுனி கருகியதும் சிற்றிலைகள் இணை இணையாக மேல்நோக்கி மடிய, அந்த மடிப்பு அடியை நோக்கி நகரும். அடியை எட்டியபின் அதே காம்பின் மற்றக் கிளைகளில், இம்முறை அடியிலிருந்து நுனிக்கு, மடிப்பு ஏறும். காம்பும் தண்டோடு சேருமிடத்தில் மடங்கித் தொங்கிவிடும். சில வேளைகளில் சுடரின் வெப்பமே எட்டாத வேறு இலைகளும் தொங்கும். மடிப்பு கடந்த தொலைவை, ஆன நொடிகளால் வகுத்தால் வேகம் கிடைத்துவிடும்.

அராபிடோப்சிஸ் என்னும் கடுகுக் குடும்பச் செடியில் தாவர ஆய்வாளர்கள் டொயோட்டா, கில்ராய் குழுவினர் 2018-இல் வெளியிட்ட ஆய்வு இதன் அடிப்படையை விளக்குகிறது. சிதைந்த செல்களிலிருந்து கசியும் குளுட்டமேட் என்னும் அமினோ அமிலம், அண்டை செல்களின் ஏற்பிகளை (செய்தியை உணரும் புரதங்களை) தூண்ட, அவற்றுள் கால்சியத்தின் அளவு உயர்ந்து, அந்த அலை நொடிக்கு ஏறத்தாழ 1 மி.மீ. வேகத்தில் தொலைவிலுள்ள இலைகளையும் எட்டுகிறது. நம் மூளையின் நரம்பு செல்களும் இதே குளுட்டமேட்டைத்தான் செய்தி அனுப்பப் பயன்படுத்துகின்றன என்பது எனக்கு இன்றும் வியப்பூட்டுகிறது. தொட்டாற்சிணுங்கியில் கால்சியமும் மின்துடிப்பும் சேர்ந்து பரவுகின்றன. அவை காம்படியிலுள்ள புடைப்பை அடைந்ததும், அதன் கீழ்ப்பக்கச் செல்களிலிருந்து பொட்டாசியமும் குளோரைடும் வெளியேற, அவற்றைத் தொடர்ந்து நீரும் வெளியேறுவதால், விறைப்பிழந்த செல்கள் சுருங்கிக் காம்பு தாழ்கிறது.

அடுத்த சோதனையை வேறோர் இலையில், செடி முழுவதும் மீண்டும் விரிந்தபின் செய்யுங்கள். பாதி விரிந்த இலையில் அளந்த வேகத்தை நம்ப முடியாது.