லேசிக் முடியாது என்று சொல்லிவிட்டார்களா? கண்ணுக்குள் லென்ஸ் வைக்கும் முன் கேட்டு வாங்க வேண்டியவை

எனக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் 9. காலையில் விழித்ததும் முதல் வேலை தலையணைப் பக்கம் கையால் துழாவுவதுதான், கண்ணாடி கீழே விழுந்திருந்தால் அதைத் தேடவே இன்னொரு கண்ணாடி வேண்டும். சரி, லேசிக் செய்துகொள்வோம் என்று போனால் "கருவிழி மெல்லிசாக இருக்கிறது, வேண்டாம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கருவிழி என்று அவர்கள் சொல்வது கண்ணின் முன்பக்கத்தில் கண்ணாடிபோல் இருக்கும் படலத்தை. கடைசியில் நான் ஐசிஎல் என்னும் லென்ஸைக் கண்ணுக்குள் வைத்துக்கொண்டேன். உங்களுக்கும் இதே பதில் கிடைத்திருந்தால் மேலே படியுங்கள்.

ஏன் வேண்டாம் என்கிறார்கள்? ஒரு கழித்தல் கணக்குதான். லேசர் கருவிழியைச் செதுக்கித்தான் பவரைக் குறைக்கிறது, ஒவ்வொரு பவருக்கும் தோராயமாக 12 முதல் 15 மைக்ரான் வரை போகும் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). உங்கள் கருவிழி 500 மைக்ரான் என்று வையுங்கள். லேசிக்கில் மேலே மூடிபோல் திறக்கும் ஏடு ஒரு 110. மைனஸ் 9-க்குச் செதுக்குவது ஒரு 126. மிச்சம் 264. குறைந்தபட்சம் 250 ஆவது தங்க வேண்டும், 300 இருந்தால்தான் நிம்மதி என்று நினைக்கும் மருத்துவர்கள் நிறைய பேர். அதற்கும் கீழே போனால் கருவிழி பலவீனமாகி முன்னால் பிதுங்க ஆரம்பிக்கலாம், அப்புறம் அதைச் சரிசெய்வது பெரும்பாடு. கருவிழி ஏற்கெனவே கூம்பும் அறிகுறி இருந்தாலோ, கண் ரொம்ப உலர்ந்து போகிறவராக இருந்தாலோ லேசரைத் தவிர்க்கச் சொல்வார்கள்.

ஐசிஎல் என்பதில் செதுக்கல் கிடையாது. கண்ணின் நிறம் தெரியும் வளையமான ஐரிஸுக்குப் பின்னால், கண்ணில் பிறவியிலேயே இருக்கும் உங்கள் சொந்த லென்ஸுக்கு முன்னால், மெல்லிய லென்ஸ் ஒன்றை நுழைத்து வைப்பார்கள். கண்புரை அறுவையோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்: அதில் சொந்த லென்ஸை எடுத்துவிடுவார்கள், இதில் அது அப்படியே இருக்கும், அதனால் கிட்டத்தில் பார்க்கக் கண் தானே சரிசெய்துகொள்ளும் திறனும் போகாது. அமெரிக்காவில் மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் எஃப்டிஏ இந்த வகை லென்ஸுக்கு 2005-இல் அனுமதி கொடுத்தது. பழைய வகையில் கண்ணுக்குள் நீர் ஓடுவதற்காக ஐரிஸில் முன்கூட்டியே லேசரால் துளை போட வேண்டியிருந்தது. 2022-இல் அங்கே அனுமதி பெற்ற புதிய வகையில் லென்ஸின் நடுவிலேயே 0.36 மில்லிமீட்டர் துளை இருக்கிறது, அந்த வேலை மிச்சம்.

யாருக்குச் சரிவரும்? 21 முதல் 45 வயது, கடைசி ஒரு வருடத்தில் பவர் 0.5-க்கு மேல் மாறாமல் இருப்பது, கருவிழிக்கும் சொந்த லென்ஸுக்கும் நடுவில் குறைந்தது 3 மில்லிமீட்டர் ஆழம், இவை அந்த அனுமதியில் உள்ள அளவுகோல்களில் சில. கர்ப்பமாக இருப்பவர்களும் பாலூட்டுகிறவர்களும் தள்ளிப்போடுவது நல்லது, அந்தச் சமயத்தில் பவர் நிலையாக இருக்காது. என் கருத்தைக் கேட்டால், மைனஸ் 3, கருவிழியும் நல்ல தடிமன் என்றால் லேசரே போதும், கண்ணைத் திறந்து உள்ளே போக வேண்டிய அவசியமே இல்லை.

இதில் பாதி வெற்றி அறுவைக்கு முந்தைய அளவெடுப்பில் இருக்கிறது, ஆனால் எல்லோரும் விசாரிப்பது அறுவையைப் பற்றி மட்டும். லென்ஸ் 12.1, 12.6, 13.2, 13.7 மில்லிமீட்டர் என்று நாலு அளவில் வருகிறது. வைத்த பிறகு அதற்கும் உங்கள் லென்ஸுக்கும் நடுவே ஏறக்குறைய 250 முதல் 750 மைக்ரான் இடைவெளி நிற்க வேண்டும், இதை வால்ட் என்பார்கள். சின்ன லென்ஸைப் போட்டுவிட்டால் இடைவெளி குறைந்து சொந்த லென்ஸில் புரை விழலாம். பெரிசைப் போட்டால் அது ஐரிஸை முன்னால் தள்ளி, நீர் வடியும் மூலையை நெருக்கி, கண் அழுத்தத்தை ஏற்றிவிடும். கருவிழியின் அகலத்தை வெளியிலிருந்து அளந்து லென்ஸின் அளவை முடிவுசெய்வது வழக்கம், ஆனால் லென்ஸ் உட்காரும் இடமோ உள்ளே இருக்கிறது, இரண்டு அகலமும் எல்லோருக்கும் பொருந்திப் போவதில்லை. ஆகவே "உள்ளே இருக்கும் அகலத்தை அல்ட்ராசவுண்ட் அல்லது ஓசிடி (ஒளியால் எடுக்கும் ஸ்கேன்) வைத்தும் பார்த்தீர்களா?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். கருவிழியின் உட்பக்கச் செல் எண்ணிக்கையையும் கேளுங்கள், அந்தச் செல்களை இழந்தால் அவை திரும்ப வளராது. சொட்டு மருந்தால் கண் பாப்பாவை விரித்து விழித்திரையின் ஓரம்வரை பார்த்தாக வேண்டும். எல்லா எண்களையும் தாளில் வாங்கிக்கொள்ளுங்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் அளவெடுப்பதற்கு முன்பே நிறுத்த வேண்டும், மென்மையானது என்றால் ஓரிரு வாரம், கடினமானது என்றால் இன்னும் அதிகம்.

அறுவை நாளன்று பயப்பட ஒன்றுமில்லை. மரத்துப்போகச் சொட்டு மருந்து, 3 மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு வெட்டு, சுருட்டிய லென்ஸ் அதன் வழியே உள்ளே போய் விரியும், நாலு மூலையையும் ஐரிஸுக்குப் பின்னால் செருகுவார்கள், பெரும்பாலும் தையல் இல்லை. எனக்கு ஒரு கண்ணுக்கு இருபது நிமிடம்கூட ஆகவில்லை. லென்ஸ் விரிந்தபோது தண்ணீருக்கடியிலிருந்து பார்ப்பதுபோல் மேல்விளக்கு நெளிந்தது, அவ்வளவுதான்.

ஆனால் முடிந்ததும் வீட்டுக்கு ஓடாதீர்கள். அறுவைக்குப் பயன்படுத்தும் கொழகொழப்பான மருந்து கொஞ்சம் உள்ளே தங்கினால் முதல் சில மணி நேரத்தில் அழுத்தம் ஏறலாம், அதை அளந்து பார்த்த பிறகே கிளம்புங்கள். அன்று இரவு கண் வலியோடு தலைவலியும் குமட்டலும் வந்தால் காலைவரை பொறுக்க வேண்டாம், உடனே போங்கள். அடுத்த சில நாளில் சிவந்து பார்வை மங்கினாலும் அப்படித்தான். ஸ்டீராய்டு சொட்டு மருந்தைச் சொன்ன நாள்வரை மட்டும் போடுங்கள், சிலருக்கு அதுவே அழுத்தத்தை ஏற்றும். கண்ணைக் கசக்கக் கூடாது, நீச்சலுக்கு மருத்துவர் சரி சொல்லும்வரை காத்திருங்கள்.

இரவில் விளக்குகளைச் சுற்றி வளையம் தெரியும். எனக்கு முதல் மாதம் எதிரே வரும் ஒவ்வொரு வண்டிக்கும் ஒளிவட்டம் இருந்தது, பிறகு எப்போது மறந்தேன் என்றே தெரியவில்லை, சிலருக்கு இது கொஞ்சம் மிஞ்சும். சிலிண்டர் பவரும் சேர்ந்த லென்ஸ் என்றால் உள்ளே திரும்பிக்கொண்டால் பார்வை மங்கும், மறுபடி நேராக்க வேண்டியிருக்கும். "பிடிக்கவில்லையா, எடுத்துவிடலாம்" என்பார்கள், உண்மைதான், ஆனால் அதுவும் இன்னோர் அறுவை.

சோடாபுட்டி கண்ணாடி போனாலும் கண், அதிக மைனஸ் பவருக்குக் காரணமான அதே நீண்ட கண்தான். விழித்திரை கிழியும் அபாயம் அப்படியே இருக்கிறது, திடீரென மின்னல்போல் வெளிச்சமோ, புதிதாகக் கரும்புள்ளிகளோ தெரிந்தால் அன்றே காட்டுங்கள். நாற்பதைத் தாண்டினால் படிக்கக் கண்ணாடி வரத்தான் செய்யும். வருடம் ஒருமுறை அழுத்தம், வால்ட், செல் எண்ணிக்கை பார்த்துக்கொள்ளுங்கள். என்றாவது புரை வந்தால் இந்த லென்ஸை எடுத்துவிட்டு வழக்கமான அறுவை செய்வார்கள், அப்போது பழைய அளவுகள் உதவும். நான் லென்ஸ் அட்டையையும் அந்தத் தாள்களையும் படமெடுத்து போனில் வைத்திருக்கிறேன், வீட்டிலும் ஒருவருக்கு அனுப்பிவைத்திருக்கிறேன்.