பெரிய எண் 7, 11, 13-ஆல் வகுபடுமா?

இலக்கங்களைக் கூட்டி 3, 9-க்குப் பார்ப்பது எல்லோருக்கும் தெரியும். 7, 13 என்று வந்தால்தான் தடுமாற்றம். அதற்கும் வழி உண்டு: எண்ணை வலப்பக்கத்திலிருந்து மும்மூன்று இலக்கமாகப் பிரியுங்கள் (நம் லட்சம், கோடிக் காற்புள்ளி இங்கே உதவாது, அதை மறந்துவிடுங்கள்). அப்புறம் அவற்றை மாறி மாறிக் கழித்துக் கூட்டுங்கள்.

52,78,43,186-ஐ எடுத்துக்கொள்வோம். 527, 843, 186 என்று பிரியும். 186-லிருந்து 843-ஐக் கழித்து, 527-ஐக் கூட்டினால் −130. கழித்தல் குறியைக் கண்டுகொள்ள வேண்டாம். 130, 13-ஆல் வகுபடும். 7, 11-ஆல் வகுபடாது. பெரிய எண்ணும் அப்படியேதான்: 13 × 4,06,03,322.

சரி, ஏன் இப்படி? 7 × 11 × 13 = 1001. ஆயிரம் அதைவிட ஒன்று குறைவு. அதனால் இந்த மூன்று எண்களால் வகுக்கும்போது ஆயிரம் என்பது −1 மாதிரி; மூன்று இலக்கம் தாண்டும் ஒவ்வொரு முறையும் குறி மாறும், அதனால்தான் மாறி மாறிக் கழித்துக் கூட்டுகிறோம். விடை 0 வந்தால் மூன்றாலும் வகுபடும்.