பில்லர் ரிங்கை 90 டிகிரியில் விடாதீர்கள்: புஜ் நிலநடுக்கம் காட்டிக்கொடுத்த தவறுகள்

போன மாதம் ஒரு சைட்டில் பில்லர் கம்பி பார்க்கப் போனேன். புதிதாக வந்த பொறியாளர் தம்பி டிராயிங்கை வைத்துக் கம்பிகளை எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணிக்கை சரி, இடைவெளி சரி. நெட்டுக்கம்பிகளைச் சுற்றிப் பிடிக்கும் ரிங்கின் முனைகள் மட்டும் 90 டிகிரியில் மடங்கி நின்றன. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இதற்குத்தான் கையெழுத்துப் போட்டேன்.

சிமென்ட் தரம், தண்ணீர் அளவு, க்யூரிங் எல்லாம் எல்லோரும் சொல்வதுதான், விட்டுவிடுகிறேன்.

ரிங்கின் கொக்கி

2001 ஜனவரி 26, காலை 8:46. குஜராத்தின் கட்ச் பகுதியில், புஜ் நகருக்கு அருகே, 7.7 அளவில் நிலம் ஆடியது. அரசுக் கணக்கில் மட்டும் 13,800 பேருக்கு மேல் இறந்தார்கள். 200 கிலோமீட்டருக்கு அப்பால் அகமதாபாத்தில்கூட அடுக்குமாடிகள் சரிந்தன. இடிந்த பில்லர்களில் ரிங் வாய் பிளந்து, நெட்டுக்கம்பிகள் வெளியே புடைத்துக் கிடந்தன.

பில்லர் இரு பக்கமும் ஆடும்போது முதலில் உதிர்வது ரிங்குக்கு வெளியே இருக்கும் கவர் கான்கிரீட். 90 டிகிரி முனை அந்தக் கவரில்தான் இருக்கிறது. கவர் போனால் ரிங் அவிழும். அப்புறம் நெட்டுக்கம்பி வளையும், உள் கான்கிரீட் நொறுங்கிக் கொட்டும், மேல்மாடி அப்படியே இறங்கும். 135 டிகிரிக்கு மடித்தால் முனை உள் கான்கிரீட்டில் புதைந்திருக்கும். கவர் உதிர்ந்தாலும் பிடி விடாது. இந்த விதி, நிலநடுக்கம் தாங்கும் கான்கிரீட் கட்டடங்களுக்கான இந்தியத் தரநூல் ஐ.எஸ். 13920-இல் 1993 முதலே இருக்கிறது. புஜ் நிலநடுக்கத்துக்கு எட்டு வருடம் முன்பு.

"சார், முழுசா மடிச்சா மாட்ட முடியாது. மாட்டிட்டு பைப் போட்டு மடிச்சிடுறோம்" என்பார் கம்பி கட்டுபவர். எனக்கும் சொன்னார், நம்பினேன். கான்கிரீட் வண்டி வந்து நின்ற பிறகு யாரும் பைப்பைத் தேடவில்லை. மறுநாள் சீனியர் வந்து, கம்பி கட்டி நின்ற மற்ற பில்லர்களின் ரிங்கையெல்லாம் வெட்டி எடுக்கச் சொன்னார். ஒரு வாரம் போச்சு. கான்கிரீட் போட்டு முடித்த நான்கு பில்லர்களுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இன்றும் அந்தத் தெரு வழியாகப் போனால் அண்ணாந்து பார்க்கிறேன். ரிங்கை மேலிருந்து ஒவ்வொன்றாக இறக்கினால் 135-உம் மாட்டலாம். நேரம்தான் கூடும்.

"இங்கெல்லாம் ஆடாது சார்" என்ற பேச்சு எனக்கு ஆகவே ஆகாது. நாட்டின் நிலநடுக்க அபாய வரைபடத்தின் 2002 திருத்தத்தில் சென்னை மூன்றாம் மண்டலத்துக்கு வந்தது. அந்த வரைபடத்தில் அகமதாபாத்தும் அதே மண்டலம்தான்.

வெறும் பில்லரில் நிற்கும் பார்க்கிங் தளம்

மேலே செங்கல் சுவர் நிறைந்து விறைப்பாக நிற்கும். கீழே சுவரே இல்லை. ஆட்டம் முழுவதும் கீழ்த்தளத்தில் சேரும். அகமதாபாத்தில் விழுந்தவற்றில் பல இப்படிப்பட்டவை. நிலநடுக்க விசையைக் கணக்கிடும் தரநூலான ஐ.எஸ். 1893, 2002 திருத்தத்தில் இந்தத் தளத்தின் பில்லர், பீம்களை 2.5 மடங்கு விசைக்கு வடிவமைக்கச் சொன்னது. அந்த விதி 2016-இல் மாறியது. டிசைனரிடம் இப்போதைய விதிப்படி இந்தத் தளத்தின் கணக்கைக் கேட்டு வாங்குங்கள்.

சேற்றில் அடுக்கிய கல் சுவர்

கட்ச் கிராமங்களில் அதிகம் விழுந்தது இதுதான். மூலையே இல்லாத வட்டச் சுவரும் கனமில்லாத புல் கூரையும் கொண்ட 'புங்கா' மண் வீடுகள் பல தாங்கின.

நீட்டிய பீமின் நுனியில் புதுப் பில்லர்

இந்தப் பில்லருக்குக் கீழே தரை வரை தாங்கல் இல்லை. டிராயிங்கில் இருந்தாலும் வேலையை நிறுத்திக் கேளுங்கள்.