மாதவிடாய் வலிக்குக் காதுமடல் அழுத்தம்: வீட்டில் செய்துபார்க்கும் முறை

மாதவிடாயின் முதலிரண்டு நாட்களில் அடிவயிற்றை முறுக்கி, இடுப்பு வழியாகத் தொடைவரை இறங்கும் வலிக்கு, காதுமடலின் சில இடங்களை அழுத்திச் செய்யும் முறையை இங்கே விளக்குகிறேன். ஊசியோ இயந்திரமோ தேவையில்லை. வேறு நோய் எதுவும் இல்லாமல், பருவமடைந்த சில ஆண்டுகளிலிருந்தே மாதந்தோறும் ஒரேமாதிரி வந்துபோகும் வலி உள்ளவர்களுக்கு மட்டுமே இது பொருந்தும்.

அத்தகைய வலிக்குக் காரணம், கருப்பையின் உட்சவ்வு உரியும்போது சுரக்கும் புரொஸ்ரகிளாண்டின் என்னும் பொருள் கருப்பைத் தசையை இறுகச் சுருங்கச் செய்வதாகும். மெஃபனமிக் அசிட், ஐபூபுரோஃபன் போன்ற மாத்திரைகள் அந்தச் சுரப்பையே குறைப்பதால் நன்றாக வேலை செய்கின்றன. காது அழுத்தம் அப்படிச் செய்கிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. காதுமடலில் உடல் முழுவதற்குமான வரைபடம் உண்டு என்ற கருத்தை 1950களில் பிரான்சின் லியோன் நகர வைத்தியர் போல் நோஜியே முன்வைத்தார். சீன வைத்தியர்கள் அதைத் தங்கள் முறையோடு சேர்த்து விரிவாக்கினார்கள். மாதவிடாய் வலிக்கான அக்குபங்சர் (ஊசி குத்துதல்), அக்குபிரஷர் (அழுத்துதல்) ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த, கொக்ரேன் என்னும் சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பின் 2016ஆம் ஆண்டு மதிப்பாய்வு, பயன் உண்டென்றோ இல்லையென்றோ சொல்லப் போதிய சான்று இல்லை என்றே முடித்தது. ஆகவே இதை ஒரு துணையாகவே கொள்ளுங்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு இதை நம்பியிருக்க வேண்டாம்.

தேவையானவை ஒரு முகம்பார்க்கும் கண்ணாடி, கைத்தொலைபேசியின் வெளிச்சம், காது சுத்தம் செய்யும் பஞ்சுக் குச்சி, பாமசியில் கிடைக்கும் காகித வகைப் பிளாஸ்டர், சில கடுகு மணிகள். சீன முறையில் வக்காரியா என்ற செடியின் சிறு விதைகளை ஒட்டுவார்கள். அது கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ கடையில் கேட்டு வாங்கக்கூடிய பொருளன்று. உருண்டையான, உடையாத கடுகு போதும். துளசி விதை ஈரம் பட்டதும் வழுவழுத்துப்போகும் என்பதால் உதவாது.

முதலில் கைகளையும் காதுமடலையும் சவர்க்காரமிட்டுக் கழுவி, ஈரம் போகத் துடையுங்கள். எண்ணெய் வைத்த தலையென்றால் காதின் மேற்பகுதியை இரண்டு தடவை துடைக்க வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் பிளாஸ்டர் ஒட்டாது.

அடுத்தது இடங்களைக் கண்டுபிடிப்பது. பெரும்பாலானவர்கள் அவசரப்படுவது இங்கேதான். காதின் வெளிவிளிம்புக்கு உள்ளே, அதற்கு இணையாக ஒரு மேடு கீழிருந்து மேலேறுவதைக் கண்ணாடியில் பாருங்கள். அந்த மேடு காதின் மேற்பகுதியில் இரு கிளைகளாகப் பிரிகிறது. கிளைகளுக்கு நடுவில் ஒரு முக்கோணக் குழி இருக்கும். குழியின் பின்பக்கத்தில், கிளைகள் பிரியும் மூலையை ஒட்டிச் சற்று மேலே இருப்பது ஷென்மென் என்னும் புள்ளி. அதே குழியின் முன்பக்கத்தில், முகத்தை நோக்கிய பகுதியில் சற்றுக் கீழே, கருப்பைக்கு உரியதாகச் சொல்லப்படும் புள்ளி உள்ளது. மூன்றாவது, காதுத் துளைக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு மடிப்புக்கும் சோணைக்கு மேலுள்ள மேட்டுக்கும் இடையிலான வெட்டுப்பள்ளத்தின் உட்புறம். அது சுரப்பிகளுக்கு உரியதாகச் சொல்லப்படும் புள்ளி. சில வரைபடங்கள் பத்துப் பன்னிரண்டு புள்ளிகளைக் காட்டும், தொடங்குபவருக்கு இம்மூன்றே அதிகம். பஞ்சுக் குச்சியின் நுனியால் ஒவ்வோர் இடத்தையும் சுற்றி அரிசி அளவு தூரத்துக்கு மெதுவாக அழுத்திச் செல்லுங்கள். சுற்றியுள்ள தோல் எதுவும் உணராதிருக்க, ஓரிடத்தில் மட்டும் சுரீரென்று குத்தி, கண் தானாகச் சுருங்கும்; அந்த இடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் காதை நீங்களே பார்ப்பது சிரமமென்பதால், முதல் தடவை அக்காவையோ அம்மாவையோ பார்க்கச் சொல்வது நல்லது.

பிளாஸ்டரைச் சுண்டுவிரல் நகத்தின் அளவுக்கு வெட்டி, நடுவில் ஒரு கடுகை வைத்து, அந்த இடத்தின் மேல் ஒட்டி விடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு காது போதும். ஒவ்வொரு புள்ளியையும் சுட்டுவிரலை முன்னாலும் பெருவிரலைப் பின்னாலும் வைத்து ஒரு நிமிடம் அழுத்தி விடுவிக்கவும்; நாளுக்கு மூன்று தொடக்கம் ஐந்து முறை செய்யலாம். இதமான நோவு தெரிய வேண்டும், பல்லைக் கடிக்கும் அளவுக்கு வலிக்கக்கூடாது. தேய்க்கவும் வேண்டாம், நகத்தால் குத்தவும் வேண்டாம்: காதுக் குருத்தெலும்புக்கு இரத்த ஓட்டம் குறைவு, அங்கே புண் பழுத்தால் ஆற நெடுநாள் எடுக்கும். வலி வந்த பிறகு தொடங்குவதைவிட, மாதவிடாய் எதிர்பார்க்கும் நாளுக்கு இரண்டு மூன்று நாள் முன்னதாகவே தொடங்கி, வலி தணியும்வரை தொடர்வதே வழக்கம்.

விதையை இரண்டு மூன்று நாள் வைத்திருக்கலாம் என்பார்கள். வன்னியின் வெயிலுக்கு அது பொருந்தாது. வயலில் நிற்பவர்களுக்கும், தையல் தொழிற்சாலையில் நாள் முழுதும் வியர்ப்பவர்களுக்கும் மத்தியானத்துக்குள் ஓரம் கிளம்பிவிடும். நனைந்த கடுகு தோலைக் கடிக்கவும் செய்யும். மாலையில் கிணற்றடிக்குப் போகுமுன் கழற்றிவிட்டு, மறுநாள் புதிதாக மறுகாதில் ஒட்டுங்கள். பாடசாலைப் பிள்ளைகள் விதை ஒட்டாமல், சுத்தமான விரல் நுனியால் அழுத்தினாலே போதும்.

கர்ப்பமாக இருப்பவர்களும், நாள் தள்ளிப்போய்ச் சந்தேகத்தில் இருப்பவர்களும் இதைச் செய்ய வேண்டாம். காதில் புண், சிரங்கு, பிளாஸ்டர் ஒவ்வாமை, தழும்பு தடித்து வளரும் இயல்பு உள்ளவர்களும் தவிர்க்க வேண்டும்.

கூடவே அடிவயிற்றில் சூடு வைப்பது நல்ல பலன் தரும். நெல்லுத் தவிட்டைச் சட்டியில் வறுத்துத் துணியில் முடிந்து, புறங்கையில் சூடு பார்த்தபின் ஒத்தடம் கொடுக்கலாம். மாத்திரை எடுப்பதானால் சாப்பிட்ட பிறகு எடுங்கள். குடற்புண், இழுப்பு (ஆஸ்துமா), சிறுநீரக நோய் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் எடுக்கக்கூடாது. மாரிகாலத்தில் வலியோடு காய்ச்சலும் இருந்தால் டெங்குவாக இருக்கலாம். அப்போது மெஃபனமிக் அசிட்டும் ஐபூபுரோஃபனும் இரத்தக்கசிவைக் கூட்டும் என்பதால் தொடவே வேண்டாம்.

முன்பில்லாத வலி புதிதாகத் தொடங்குவது, மாதத்துக்கு மாதம் கூடுவது, மாதவிடாய் அல்லாத நாட்களிலும் உறவின்போதும் நோவது, மணிக்கொரு தடவை அணையாடை மாற்றும் அளவுக்குப் போவது, துர்நாற்றமுள்ள வெள்ளை படுவது ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் காதை விட்டுவிட்டு வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். நாள் தள்ளிப்போன நிலையில் ஒருபக்க அடிவயிறு கடுமையாக வலித்து மயக்கமும் வந்தால் அன்றைக்கே போக வேண்டும். துணுக்காய், மாந்தை போன்ற இடங்களிலிருந்து மாவட்ட வைத்தியசாலைக்குப் போவது ஒரு நாள் வேலைதான். எங்கே, எந்தக் கிழமை போவதென்பதை உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டால் வீண் அலைச்சல் குறையும்.

கடைசியாக, நாட்காட்டியில் ஒரு குறிப்பு வையுங்கள்: வலி பூச்சியம் முதல் பத்துக்குள் எவ்வளவு, எத்தனை மாத்திரை, இரத்தப்போக்கு எப்படி, அழுத்தியது எத்தனை முறை. மூன்று மாதவிடாய்க்குப் பிறகும் மாற்றம் தெரியாவிட்டால் இம்முறையைக் கைவிட்டு, அந்தக் குறிப்பை வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். அவர் முதலில் கேட்கும் கேள்விகளுக்கு விடை அதிலேயே இருக்கும்.