ஆவி பிடிக்கும் மெஷின் வாங்கப் போகிறீர்களா? முதலில் வீட்டுத் தண்ணீரைப் பாருங்கள்

மார்கழி பிறந்தால் எங்கள் வீட்டில் முதலில் மூக்கடைப்பது அம்மாவுக்குத்தான். வேலூர் என்றால் எல்லாரும் வெயிலைத்தான் பேசுவார்கள், ஆனால் சத்துவாச்சாரியில் மலையடிவாரத்தில் குடியிருப்பவர்களைக் கேட்டால் டிசம்பர், ஜனவரி விடியற்காலைப் பனியைப் பற்றிச் சொல்வார்கள். இத்தனை வருஷமும் சட்டியில் தண்ணீர் கொதிக்கவைத்து, நொச்சி இலை போட்டு, போர்வையை மூடிக்கொண்டுதான் அம்மா ஆவி பிடிப்பார். போன வருஷம் சட்டி சரிந்து வெந்நீர் பாதத்தில் கொட்டிவிட்டது. புண் ஆற மூன்று வாரம் ஆயிற்று. அன்றைக்கே இனி சட்டி வேண்டாம், மெஷின்தான் என்று முடிவு செய்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு மாதத்தில் மூன்று மெஷின் வாங்கினேன். ஒன்று உருகிப்போனது. நீங்கள் ஒரே மெஷினோடு முடித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மெஷினை இணையத்தில் 'வேப்பரைசர்' என்று தேடினால் நடுவில் இ-சிகரெட்டும் வந்து நிற்கும். அது வேறு. 2019-ல் வந்த சட்டப்படி இந்தியாவில் அதைத் தயாரிப்பது, விற்பது, இறக்குமதி செய்வது, இருப்பு வைப்பது, விளம்பரம் செய்வது எல்லாமே தடை. விலை குறைவு என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். நெபுலைசரும் வேறு, அது டாக்டர் எழுதிக்கொடுக்கும் மருந்துக்கானது. வீசிங் இருப்பவர்கள் நெபுலைசருக்குப் பதிலாக ஆவி பிடித்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். ஆவி மூக்கடைப்பைக் கொஞ்ச நேரம் இளக்கும், அவ்வளவுதான்.

முதல் படி: தண்ணீரை அளப்பது

மெஷினைப் பார்ப்பதற்கு முன் ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்குங்கள். பேனா மாதிரி இருக்கும், எனக்கு 250 ரூபாய் ஆனது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவை அது காட்டும். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லை என்றால் 2000 வரை. எங்கள் வீட்டு போர் தண்ணீர் 1400 காட்டியது, ஆர்ஓ தண்ணீர் 40. பாலாற்றங்கரையில் இருக்கிறோம் என்று பெயர்தான், வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவால் நிலத்தடி நீர் என்ன ஆனது என்பதற்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பே 1996-ல் வந்துவிட்டது. அதனால் பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன அளவை நம்பாதீர்கள், உங்கள் குழாயை நீங்களே அளந்துவிடுங்கள்.

இரண்டாம் படி: எந்த வகை என்று பார்ப்பது

விலை குறைந்த மெஷின்கள் இரண்டே வகை. மூடியைக் கழற்றி உள்ளே பாருங்கள். இரண்டு குச்சி பக்கத்தில் பக்கத்தில் தொங்கினால் அது எலெக்ட்ரோடு வகை. நான் 280 ரூபாய்க்கு வாங்கினேன். அடியில் தட்டையான உலோகத் தகடு இருந்தால் ஹீட்டர் வகை, எனக்கு 750 ஆனது. எங்கள் ஊரில் சிஎம்சி மருத்துவமனை பக்கத்துத் தெருக்களில் சர்ஜிக்கல் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே கையில் எடுத்துத் திறந்து பார்க்கலாம். படத்தை மட்டும் பார்த்து ஆன்லைனில் வாங்குவதைவிட அதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

கடையில் பார்க்க வேண்டியவை: ஐஎஸ்ஐ முத்திரை, தடிமனான ஒயர், சாக்கெட்டில் ஆடாமல் உட்காரும் பிளக். தொட்டியின் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்றோ பிபி என்றோ இருந்தால் அது பாலிபுரொப்பிலீன், கொதிநீரைத் தாங்கும். வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் ஊற்றி, பிளக்கில் மாட்டாமல், செய்தித்தாள் மேல் அரை மணி நேரம் வையுங்கள். தாள் நனைந்தால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மூன்றாம் படி: தண்ணீர் ஊற்றுவது (நான் சறுக்கியது இங்கேதான்)

முதலில் வாங்கியது எலெக்ட்ரோடு வகை. சுத்தமாக இருக்கட்டும் என்று ஆர்ஓ தண்ணீரை ஊற்றி ஸ்விட்சைப் போட்டேன். கால் மணி நேரம் ஆகியும் ஆவி வரவில்லை, தண்ணீர் வெதுவெதுப்பாகக்கூட ஆகவில்லை. மெஷின் கோளாறு என்று கடைக்கு எடுத்துப்போனேன். கடைக்காரர் குழாய்த் தண்ணீர் ஊற்றிக் காட்டினார், இரண்டு நிமிஷத்தில் புகையாக வந்தது. கொஞ்சம் உப்புப் போடுங்கள் சார் என்று சொல்லி அனுப்பிவிட்டார். எவ்வளவு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இந்த வகையில் சூடேறுவதற்கென்று தனியாக ஒரு ஹீட்டர் கிடையாது. ஒரு குச்சியிலிருந்து இன்னொரு குச்சிக்கு 230 வோல்ட் மின்சாரம் தண்ணீர் வழியாகவே போகிறது, அந்தத் தண்ணீர்தான் ஹீட்டர். உப்பு இல்லாத தண்ணீரில் மின்சாரம் போகாது, அதனால் சூடும் வராது. உப்பு கூடக்கூட மின்சாரமும் கூடும். பெட்டியில் என்ன வாட் அச்சிட்டிருந்தாலும் சரி, உங்கள் வீட்டில் அது எத்தனை வாட்டில் ஓடும் என்பதை முடிவு செய்வது நீங்கள் ஊற்றும் தண்ணீர்தான்.

இது தெரியாமல் அரை ஸ்பூன் உப்பைப் போட்டேன். ஆவிக்குப் பதில் கொதிநீர் தெறித்தது, குச்சிகளைப் பிடித்திருந்த பிளாஸ்டிக் இளகி வளைந்தது, மெயின் போர்டில் இருக்கும் எம்சிபி ஸ்விட்ச் விழுந்தது. நல்ல வேளையாக அம்மா அப்போது முகத்தைப் பக்கத்தில் கொண்டுவரவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும்: 300 மில்லி தண்ணீரில் கால் கிராம் உப்பு, அதாவது ஒரு சிறு சிட்டிகை, டிடிஎஸ்ஸை 800-க்கு மேல் ஏற்றிவிடும். அரை ஸ்பூன் என்பது அதைப்போல் பத்து மடங்கு.

அதனால் நான் இப்போது உப்புப் பக்கமே போவதில்லை. எலெக்ட்ரோடு மெஷினுக்கு மூன்று பங்கு ஆர்ஓ தண்ணீரோடு ஒரு பங்கு போர் தண்ணீர் கலக்கிறேன். எங்கள் வீட்டில் 380 வருகிறது. மூன்று நிமிஷத்தில் ஆவி சீராக வருகிறது, தெறிப்பதில்லை. உங்கள் தண்ணீருக்கு இந்தப் பங்கு மாறும், மீட்டரை விட்டுப் பார்த்து 300-க்கும் 500-க்கும் நடுவில் கொண்டுவாருங்கள். தண்ணீர் ஏற்கெனவே உப்பாக இருக்கும் வீடுகளில் 'ஒரு சிட்டிகை உப்பு' என்ற யோசனையைக் கேட்கவே கேட்காதீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. இரண்டாவது மெஷினில் (அதுவும் எலெக்ட்ரோடு வகைதான்) மிச்சம் இருந்த தண்ணீரைக் கொட்டாமல் அதன் மேலேயே தினமும் ஊற்றிக்கொண்டு வந்தேன். அஞ்சாறு நாளில் மறுபடி தெறிக்க ஆரம்பித்தது. ஆவியாகப் போவது வெறும் தண்ணீர்தான், உப்பு முழுக்கத் தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. ஒவ்வொரு முறையும் மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள்.

நான்காம் படி: பயன்படுத்துவது

எலெக்ட்ரோடு வகையில் பிளக் மாட்டியிருக்கும்வரை உள்ளே இருக்கும் தண்ணீரிலும் மின்சாரம் இருக்கும். பிளக்கைக் கழற்றிய பிறகுதான் மூடியைத் தொட வேண்டும், ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. எம்சிபி அதிக மின்சாரம் ஓடினால்தான் விழும், ஷாக்கிலிருந்து ஆளைக் காப்பாற்றுவது 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி. வீட்டில் அது இல்லையென்றால் எலெக்ட்ரீஷியனிடம் சொல்லி முதலில் அதைப் போட்டுவிடுங்கள்.

மெஷினை ஆடாத மேஜை மேல் வையுங்கள், மடியில் வேண்டாம். முகம் ஒரு முழம் தள்ளியிருக்கட்டும், ஐந்து முதல் பத்து நிமிஷம் போதும். போர்வை போர்த்துவதை அம்மா விட மறுத்தார், கடைசியில் தலைக்கு மட்டும் ஒரு துண்டு என்று ஒத்துக்கொண்டார். தைலத்தைத் தொட்டிக்குள் விடாதீர்கள், பிளாஸ்டிக் கெட்டுவிடும். மேலே சின்னக் கிண்ணம் இருந்தால் அதில் விடலாம். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் கற்பூரம் கலந்த எதுவும் வேண்டாம், மெஷினும் அவர்கள் கைக்கு எட்டக்கூடாது.

ஐந்தாம் படி: உப்புப் படிவை எடுப்பது

வெள்ளையாகக் கட்டுவது பெரும்பாலும் சுண்ணாம்பு. பிளக்கைக் கழற்றிவிட்டு வினிகரும் தண்ணீரும் சம அளவில் ஊற்றி அரை மணி நேரம் விட்டால் நுரைத்துக்கொண்டு கரையும். எலுமிச்சைச் சாறும் வேலை செய்யும். வினிகர் உள்ளே இருக்கும்போது ஸ்விட்சைப் போட்டுவிடாதீர்கள், கத்தியால் சுரண்டவும் வேண்டாம்.

எது வாங்கலாம் என்று கேட்டால், வயதானவர்களும் குழந்தைகளும் இருக்கும் வீட்டுக்கு ஹீட்டர் வகைதான் என் பதில். அதில் ஆர்ஓ தண்ணீரை அப்படியே ஊற்றலாம், கலக்கும் வேலையே இல்லை. தண்ணீர் வற்றினால் தானாக நிற்கிறதா என்பதை மட்டும் வாங்கிய அன்றே கொஞ்சமாக ஊற்றி ஓடவிட்டு, பக்கத்திலேயே நின்று பாருங்கள். எலெக்ட்ரோடு வகையில் அந்தக் கவலை இல்லை, தண்ணீர் குச்சிக்குக் கீழே இறங்கினால் மின்சாரம் தானாக அறுந்துவிடும். அது ஒன்றுதான் அதன் நல்ல குணம். மூன்றாவதாக வாங்கிய ஹீட்டர் மெஷின்தான் இப்போது அம்மா அறையில் இருக்கிறது.

சேர்க்கை 1: நொச்சி இலையைத் தொட்டிக்குள் போட்டு அடைத்துக்கொண்டதாக இதைப் படித்த இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். இலையைக் கசக்கித் துணியில் முடிந்து ஆவி வரும் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தால் வாசனை வருகிறது. வாயை மூடிவிடாமல் பிடியுங்கள். அம்மா இப்போது அப்படித்தான் செய்கிறார்.

சேர்க்கை 2: ஆம்பூரிலிருந்து ஒருவர் தன் போர் தண்ணீர் 2100 காட்டுகிறது, ஹீட்டர் வகையில் அதை ஊற்றினால் வாரத்துக்குள் தகடு வெளுத்துவிடுகிறது என்றார். கேன் தண்ணீருக்கு மாறச் சொன்னேன். மாறிய பிறகு படிவு நின்றுவிட்டதாம். அதே தண்ணீரைத் தன் தங்கை வீட்டு எலெக்ட்ரோடு மெஷினில் ஊற்றியபோது ஒரு கேனில் ஆவி வந்தது, அடுத்த கேனில் வரவில்லை. அளந்து பார்த்தால் முதல் கேன் 160, இரண்டாவது 35. கேன் மாறும்போதெல்லாம் ஒருமுறை மீட்டரை விட்டுப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.